குப்பம்மாள் என்றே போடவும்

போன வாரம் நம் பள்ளித் தோழிகள் குழுவில் ஒருத்தி பேத்திக்குப் பெயர் கேட்டாள். மதியச் சாப்பாட்டுக்குள் நீங்கள் எல்லோரும் கொட்டித் தீர்த்துவிட்டீர்கள். சமஸ்கிருதம், எபிரேயம், பாரசீகம். ஒரு பெயர் எந்த மொழி என்று அதைப் போட்டவளுக்கே தெரியவில்லை. "ஆப்புல 'விடியலின் ஒளி'ன்னு போட்டிருக்குடி, போதாதா?" என்றாள். நடுவில் இன்னொருத்தி எழுதினாள்: "நம்ம காலத்துல குப்பு, பிச்சைன்னு வச்சாங்களே, நல்லவேளை நாம தப்பிச்சோம்." அதற்குக் கீழே, சிரித்துச் சிரித்துக் கண்ணீர் விடும் மஞ்சள் முகங்கள் வரிசையாக வந்தன.

நான் சிரிக்கவில்லை. பதிலும் போடவில்லை. கட்டைவிரலால் தட்டி முடிக்கிற விஷயம் இல்லை அது. ஆயுள் முழுக்கச் செய்தித்தாளில் அடுத்தவர் எழுத்தைத் திருத்தியே ஓய்வு பெற்றவள் நான். உட்கார்ந்து எழுதுகிறேன், உட்கார்ந்து படியுங்கள்.

என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். மழைக்காலத்தில் எனக்குக் குடை கொண்டுவந்து பள்ளி வாசலில் நிற்பாள். உயரமாக, வலது மூக்கில் மட்டும் மூக்குத்தி போட்டிருப்பாள். அவள் பெயர் குப்பம்மாள். என் பெயர் இங்கே வேண்டாம். அது நட்சத்திரம் பார்த்து வைத்த அழகான பெயர். அவள் தன் பெயரைச் சுமந்ததால்தான் எனக்கு இது கிடைத்தது. அதைத்தான் சொல்ல வருகிறேன்.

அக்காவுக்கு முன்னால் எங்கள் வீட்டில் இரண்டு பையன்கள் பிறந்தார்கள். மூத்தவனுக்கு ஒரு ராஜாவின் பெயர். அடுத்தவனுக்குச் சிரஞ்சீவி. என்றைக்கும் சாகாதவன் என்று பொருள். மூத்தவன் நடக்கும் முன்பே போனான். சிரஞ்சீவி தலை நிற்கும் முன்பே போனான்.

மூன்றாவதாக அக்கா பிறந்தபோது, தொப்புள்கொடி விழுந்ததும், மருத்துவச்சி ஒரு முறத்தில் தவிட்டைப் பரப்பி அதன்மேல் குழந்தையைக் கிடத்தினாள். தெருமுனைக் குப்பைமேட்டில் முறத்தை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டாள். பேசி வைத்திருந்தபடி, எங்கள் தெருவில் கீரை விற்கிற அம்மா அந்தப் பக்கமாக வந்து முறத்தை எடுத்தாள். எங்கள் வாசலில் நின்று, கீரை விற்கிற அதே குரலில் கூவினாள்.

"குப்பையில ஒண்ணு கெடந்துதும்மா. வேணுமா?"

"இன்னா கேக்கற?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"தவிடு குடு, போதும்."

தவிட்டைக் கொடுத்து அம்மா தன் குழந்தையை வாங்கினாள். குப்பையில் கிடந்ததை, மாட்டுத் தீவனத்துக்கு மாற்றி வாங்கியதை, எமன் தேடி வரமாட்டான் என்பது நம்பிக்கை. இது நம் ஊர்ப்பக்கம் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஆனால் நான் அதைச் செய்தித்தாள்காரி கண்ணோடு பலமுறை யோசித்திருக்கிறேன். அது சாவை ஏமாற்றத் தெருவே சேர்ந்து போட்ட நாடகம். நடித்தவர்களுக்கும் பார்த்தவர்களுக்கும் அது நாடகம் என்று தெரியும். எமனுக்கு மட்டும் தெரியக்கூடாது. அந்த நாடகத்தை ஒருநாள்கூட நிறுத்தாமல் நடத்தியது அக்காவின் பெயர். யாராவது கூப்பிடும்போதெல்லாம் அது எமன் காதில் விழ வேண்டும்: இங்கே இருப்பது குப்பை, நீ போ. அவள் தங்கிய தைரியத்தில்தான் அடுத்துப் பிறந்த எனக்கு நட்சத்திரம் பார்த்துப் பெயர் வைத்தார்கள்.

அந்த முறம் எங்கள் சமையலறைச் சுவரில் தொங்கியது. அம்மா அதில் அரிசி புடைத்து நான் பார்த்ததில்லை. மூங்கில் கருத்து, சாணி மெழுகிய ஓரம் உதிர்ந்து, தொட்டால் கையில் பொடியாக ஒட்டும். கீரைக்கார அம்மா வரும்போதெல்லாம் அக்காவைப் பார்த்து, "என் குப்பை இன்னா வளர்த்தி வளந்துடுச்சு பாரு" என்பாள். அக்கா அவளிடம் மட்டும் கொசுறாக ஒரு கட்டு கீரையை உரிமையோடு எடுத்துக்கொள்வாள். "பெத்த பொண்ணுக்கு இதுகூடக் கெடையாதா?" என்பாள். எங்கள் அம்மாவுக்கு அது பிடிக்காது.

நான் சொல்ல வந்த பருவம் ஒரு கார்த்திகைக் கடைசி. எனக்குப் பதினொரு வயது. தீபத் திருவிழா முடிந்திருந்தது. தெருவெல்லாம் மிதிபட்ட வாழையிலையும், மாட்டுச் சந்தையிலிருந்து வரும் சாண வாடையும். அப்பா தேரடிப் பக்கம் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஊரின் கல்யாணப் பத்திரிகைகளில் பாதி அவர் விரல் வழியாகத்தான் வெளியே போகும். பள்ளி இறுதி வகுப்பு முடித்திருந்த அக்கா மதியம் அவருக்குச் சோறு கொண்டு போவாள், பத்திரிகைகளை மடித்து மூலையில் மஞ்சள் தடவுவாள். மண்ணெண்ணெயும் மையும் கலந்த அந்த வாடை இருவர் துணியிலும் இருக்கும். ஈய எழுத்தைத் தலைகீழாகவும் இடவலம் மாறியும் படிக்க அக்கா பழகியிருந்தாள்.

அந்தக் கார்த்திகையில்தான் அவளுக்கு வரன் வந்தது. பையனுக்கு ஊர் அடி அண்ணாமலை. யூனியன் ஆபீஸில் வேலை. அவன் அப்பா உயிரோடு இல்லை. அம்மாதான் எல்லாம். அந்த அம்மா வந்து கேசரி சாப்பிட்டாள், அக்காவை நடக்கச் சொல்லிப் பார்த்தாள், மல்லாட்டைக் கடலை உரிக்கிற வேகத்தைக்கூடப் பார்த்தாள். எல்லாம் பிடித்திருந்தது.

"பொண்ணு லட்சணமா இருக்கா. எனக்குக் கொறை ஒண்ணும் இல்ல சம்பந்தி. பேருதான்..." என்று இழுத்தாள்.

அப்பா சிரித்து மழுப்பினார். "அது ஒரு வேண்டுதலுக்கு வச்சது சம்பந்திம்மா."

"தெரியாதா எனக்கு? ஆனா பத்திரிகைல எப்டிப் போடறது? ஆபீஸ்காரங்க, வாத்தியாருங்க எல்லாம் வருவாங்க. குப்பம்மாள்னு பாத்தா எந்தத் தெரு, எந்த ஜனம்னு கேப்பாங்க. புவனேஸ்வரின்னு போட்டுடுங்க. அதுவே இருந்துட்டுப் போவட்டும்."

"அதுக்கின்னா, நாலு எழுத்து மாத்தறது எனக்கு ஒரு வேலையா?" என்றார் அப்பா.

அப்பா கெட்டவர் இல்லை. எழுத்தை எடுத்து எழுத்தை வைப்பவர். ஒரு பலகையைக் கலைத்து அடுத்த பலகையைக் கோப்பது அவருக்குத் தினசரி வேலை. மகளின் பெயரும் அப்படித்தான் என்று எண்ணிவிட்டார்.

அவர்கள் போனதும் சமையலறையில் அம்மா சுவரில் தொங்கிய முறத்தைப் பார்த்தாள். "பேரை எடுத்தா ஏதாவது ஆயிட்டா?"

"கல்யாண வயசு வந்தாச்சு. இனிமே எமன் எங்க வரப்போறான்?" என்றார் அப்பா.

அக்கா கேசரித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "உசுரு கெட்டிப்படற வரைக்கும் பேரு வேணும். கெட்டிப்பட்டப்புறம் வேணாம். அப்டித்தானே?"

"எதிர்த்துப் பேசாதடி. நல்ல எடம்" என்றாள் அம்மா.

"நான் எதிர்த்துப் பேசல. கேக்கறேன்."

அடுத்த தட்டை எடுத்துத் தேய்த்தாள்.

அந்த வாரம் அச்சகத்துக்கு ஒரு வெள்ளைக்கார அம்மா வேலை கொடுத்திருந்தாள். ஆசிரமத்துக்காக வந்து, செங்கம் ரோடு பக்கம் வாடகை வீட்டில் இருந்தவள். வெள்ளைச் சேலை, வெறுங்கால், நம் ஊர்த் தமிழ் கொஞ்சம் தெரியும். தன் பெயர் போட்ட சின்ன அட்டைகள் கேட்டிருந்தாள். ஆனந்தி என்று போட வேண்டும். அட்டையைக் கொடுக்க அக்கா போனாள். நானும் ஒட்டிக்கொண்டேன்.

அந்த அம்மா அக்காவிடம் பெயர் கேட்டாள். அக்கா சொன்னாள். அர்த்தம் கேட்டாள். அக்கா வாசலில் கிடந்த சருகுக் குவியலைக் கைகாட்டினாள். அந்த அம்மா முகம் மாறவில்லை. சந்தோஷமாகத் தலையாட்டினாள்.

"என் பழைய பேர் கிளாடியா. அர்த்தம் தெரியுமா? நொண்டி. என் தங்கச்சி செசிலியா. அது குருடி."

அக்கா என்னைப் பார்த்தாள். சிரிப்பை அடக்கியபடி கேட்டாள்: "உங்க ஊர்லயும் எமனுக்குப் பயந்து வப்பாங்களா?"

"இல்ல இல்ல. அங்க யாருக்கும் அர்த்தம் தெரியாது. ரொம்பப் பழைய பாஷை. கேக்க நல்லாருக்கு, வைப்பாங்க."

"அப்ப நொண்டின்னு தெரிஞ்சதும் மாத்திக்கிட்டீங்களா?"

அந்த அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அதில்ல. இங்க வந்தா எல்லாரும் மாத்திக்கறாங்க."

திரும்பி வரும்போது அக்கா வழியெல்லாம் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "பாத்தியாடி பாப்பா. வெளியூர்லேர்ந்து வர்றவங்களுக்குப் பழைய பேர் வேணாம். உள்ளூர்ல இருக்கற எனக்கும் வேணாமாம். அப்ப பொறந்த பேரோட இந்த ஊர்ல யார்தான் இருக்கறது?"

இரண்டு நாளில் அப்பா கல்யாணப் பத்திரிகையின் மாதிரித் தாளை வீட்டுக்குக் கொண்டுவந்தார். ஈரம் காயாத மை. 'அடி அண்ணாமலை காலஞ்சென்ற பிச்சாண்டி அவர்களின் குமாரருக்கும், சௌபாக்கியவதி புவனேஸ்வரிக்கும்' என்று இருந்தது. அப்பா ஆசையாகக் கோத்திருந்தார். ஓரமெல்லாம் பூ வைத்திருந்தார். அக்கா அதை வாங்கி, என் பென்சிலைப் பிடுங்கி, புவனேஸ்வரியின் மேல் ஒரு கோடு இழுத்தாள். பக்கத்தில் எழுதினாள்: 'குப்பம்மாள் என்றே போடவும்.' பிழை திருத்துகிறவர்கள் போடும் அதே மாதிரிக் குறி. நான் பார்த்த முதல் பிழை திருத்தம் அதுதான்.

அப்பாவுக்குக் கோபம் வந்தது. "இன்னா, வெளையாடறியா? நாளைக்குத் தாலிக்குத் தங்கம் எடுக்கப் போறோம். அங்க வந்து வாயத் தொறந்தா பாரு" என்றார். தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் பெரிய தெருவில் சேட்டு நகைக்கடைக்குப் போனோம். ராஜஸ்தானிலிருந்து வந்த குடும்பம், நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்த சேட்டு. வெள்ளை மெத்தை விரிப்பு, அதன்மேல் சிவப்புத் துணி, பித்தளைத் தராசு. வாசல் தகரப் பலகையில் 'கச்ருமல் நகைக் கடை' என்று மஞ்சளில் எழுதியிருக்கும். உங்கள் வீடுகளிலும் பலர் அங்கேதான் எடுத்திருப்பீர்கள். ராசியான கடை என்று பெயர். மாப்பிள்ளையின் அம்மா செருப்பை விட்டு ஏறும்போதே சொன்னாள்: "எங்க வீட்ல எல்லாத் தாலியும் இங்கதான். கடைப் பேரைச் சொன்னாலே விருத்திதான்."

சேட்டு தாலி மாதிரிகளை எடுத்து வைத்தார். வழக்கமாகக் கேட்பதுபோல, "கல்யாணப் பொண்ணு இவங்களா? பேர் இன்னாம்மா?" என்றார்.

"புவனேஸ்வரி" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

"குப்பம்மாள்" என்றாள் அக்கா.

இரண்டும் ஒரே நேரத்தில் விழுந்தன. சேட்டு இருவரையும் பார்த்துவிட்டுச் சிரித்தார். "குப்பம்மாளா? ரொம்ப நல்லது. எங்க அப்பா பேரும் அதுதானே."

யாருக்கும் விளங்கவில்லை. அவர் வாசல் பக்கம் கை காட்டினார். "போர்டுல இருக்கே. கச்ரான்னா எங்க பாஷைல குப்பை. எங்க அப்பாவுக்கு முன்னாடி பொறந்ததெல்லாம் தங்கல. அவரைக் குப்பையில போட்டு எடுத்து அந்தப் பேர் வச்சாங்க. தொண்ணூறு வயசு வரைக்கும் இருந்தாரு. கடைக்கு அவர் பேரைத்தான் வச்சேன்."

அக்கா மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தாள். "விருத்திதான்னு சொன்னீங்களே அத்தை."

அந்த அம்மா அசரவில்லை. அவள் சொன்ன பதில் இன்றைக்கும் என் காதில் அப்படியே இருக்கிறது. "அது சேட்டு பாஷைம்மா. யாருக்குப் புரியுது? புரியாத வரைக்கும் எது வேணா இருக்கலாம். உம் பேரு எல்லாருக்கும் புரியுதே."

"புரியட்டும். புரியறதுக்குத்தான் பேரு. உங்க வீட்டுக்காரர் பேரு பிச்சாண்டி. பிச்சையெடுக்கறவர்னு எல்லாருக்கும் புரியும். அதை யாரும் எடுக்கச் சொல்லலையே?"

"ஏய், அது சாமி பேரு!"

"சாமி திருவோடு ஏந்தினா பேரு. நான் முறத்துல கெடந்தா அசிங்கமா?"

சேட்டு தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அம்மா அக்காவின் கையைக் கிள்ளினாள். மாப்பிள்ளையின் அம்மா எழுந்து நின்று, அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: "உங்க பொண்ணு பேசறது இருக்கட்டும். நீங்க சொல்லுங்க சம்பந்தி. எந்தப் பேரு போடப் போறீங்க?"

அப்பா சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்தார். பிரித்தார். அக்கா பென்சிலால் எழுதியதை, அதுவரை படிக்காதவர்போல, நிதானமாகப் படித்தார். பிழை திருத்தி வந்த தாளை மதிப்பது அவர் தொழில்.

"குப்பம்மாள்னுதான் சம்பந்திம்மா" என்றார்.

அந்த அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அதோடு அந்தச் சம்பந்தம் முடிந்தது.

ஊர் சும்மா இருக்கவில்லை. ஒரு பேருக்காக வாழ்க்கையைக் கெடுத்துக்கொண்டாள் என்றது. திமிர் ஜாஸ்தி, அடக்கம் கம்மி என்றது. நம் பள்ளியிலேயே ஓர் ஆசிரியை என்னிடம், "உங்க அக்காவுக்கு இனிமே எவன் வருவான்?" என்று வகுப்பு நடுவே கேட்டார். உங்களில் சிலர் அன்றைக்கும் சிரித்தீர்கள். எனக்கு முகங்கள்கூட ஞாபகம் இருக்கின்றன. சொல்லிக்காட்ட இல்லை, ஞாபகம் இருக்கிறது என்று சொல்கிறேன்.

அம்மா கொஞ்ச நாள் அக்காவோடு பேசவில்லை. பயத்தைப் பற்றி ஏதும் தெரியாத வயதில் அது கோபம் என்று நினைத்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. பெயர் போனாலும் மகள் போய்விடுவாளோ என்று பயம், பெயர் இருந்தாலும் மகள் வீட்டோடு தங்கிவிடுவாளோ என்று பயம்.

கீரைக்கார அம்மா மட்டும் விஷயம் கேள்விப்பட்டு வந்து, கூடையை இறக்கி வைத்து, அக்கா தலையில் கை வைத்தாள். "எம் பொண்ணு எனக்கு நஷ்டம் வைக்கல" என்றாள். அன்றைக்கு இரண்டு கட்டுக் கீரை கொசுறு.

அப்பா ஒரு மதியம் வீட்டுக்கு வந்து, அக்கா உள்ளங்கையில் ஒரு சின்னப் பொட்டலத்தை வைத்தார். ஈய எழுத்துகள், வரிசையாக, நூலால் இறுக்கிக் கட்டியவை. தலைகீழாக அவள் பெயர். அச்சகத்தில் இருந்த எழுத்துகளிலேயே பெரியவை, பத்திரிகையில் மணமக்களுக்குப் போடுகிறவை. "இதைக் கலைக்க மாட்டேன்" என்றார். அக்கா அதைக் கையில் தூக்கிப் பார்த்தாள். "கனமா இருக்குப்பா" என்றாள்.

நாலு வருஷம் கழித்துப் போளூரிலிருந்து ஒரு லைன்மேன் பெண் பார்க்க வந்தார். பெயரைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கினார். அம்மாவுக்கு உயிர் போய் வந்தது. அவர் சொன்னார்: "எங்க அம்மா பேரும் குப்பம்மாதான். வீட்ல யாராவது கூப்ட்டா ரெண்டு பேரும் ஓடி வருவாங்களே, அதுதான் யோசிக்கறேன்." அந்தப் பொட்டலத்தைப் பிரித்துத்தான் அப்பா பத்திரிகை அடித்தார். அடித்ததும் மறுபடி நூல் கட்டிக் கொடுத்துவிட்டார்.

முறம் எப்போது போனது என்று தெரியவில்லை. அம்மா இறந்தபின் வீட்டை ஒழித்தவர்கள் அதைக் குப்பையில் போட்டிருப்பார்கள். எழுத்துப் பொட்டலம் அக்கா வேங்கிக்கால் பக்கம் புது வீட்டுக்குக் குடிபோனபோது தொலைந்தது. எனக்கு வருத்தம். அவளுக்கு இல்லை. "பேரு எங்கிட்டதானடி இருக்கு" என்கிறாள்.

தோழிகளே, உங்கள் பேத்திகளின் பெயர்களில் எனக்கு ஒரு குறையும் இல்லை. எந்த மொழியிலிருந்தும் எடுங்கள். ஆனால் உங்கள் பட்டியலில் 'விடியலின் ஒளி' என்று வந்ததே, அந்த மொழியைப் பேசும் ஊரில் அது நொண்டியோ குப்பையோ யாருக்குத் தெரியும்? நீங்களும் அந்த அடி அண்ணாமலை அம்மாவைப் போலத்தான். அர்த்தம் நல்லதா என்பதல்ல உங்கள் கவலை, பக்கத்து வீட்டுக்குப் புரிந்துவிடக் கூடாது என்பதுதான். என் அக்கா பெயர் எல்லோருக்கும் புரியும். ஒரு பிள்ளையைக் காப்பாற்ற ஒரு தெரு என்னவெல்லாம் செய்தது என்பது அதில் இருக்கிறது. இவ்வளவு அர்த்தம் உள்ள பெயர் உங்கள் ஆப்பில் இருந்தால் எனக்கு அனுப்புங்கள்.

போன மாதம் அக்காவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். உட்கார இடமில்லாத கூட்டம். சீட்டு வைத்திருந்த பெண் சின்னப் பெண். கையில் இருந்த சீட்டைப் பார்த்தாள், கூட்டத்தைப் பார்த்தாள், தயங்கினாள்.

"கே. அம்மாள்" என்று கூப்பிட்டாள்.

அக்கா அசையவில்லை.

"அக்கா, உன்னைத்தான்."

"என்னை இல்ல. அது வேற யாரோ."

அந்தப் பெண் மறுபடி, குரலைத் தணித்து, "கே. அம்மாள் பாட்டி இருக்கீங்களா?" என்றாள். நான் எழப் போனேன். அக்கா என் முழங்காலில் கை வைத்து அழுத்தினாள். பார்வை மங்கிய கண்களால் குரல் வந்த திசையைப் பார்த்து, கூடமே கேட்கும்படி சொன்னாள்:

"முழுப் பேரையும் சொல்லும்மா. பயப்படாத. இத்தினி வருஷமா அந்தப் பேரை எல்லாரும் கூப்ட்டுக்கிட்டுத்தான் இருக்காங்க, ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல."

அந்தப் பெண் சீட்டைக் கண்ணுக்கு நேரே உயர்த்தினாள்.

"குப்பம்மாள்!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அக்கா சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"இதோ, இருக்கேன்" என்றாள்.